இல்லாத காய்ச்சல்

கொரோனா பூஸ்டர் ஊசியை எல்லோருக்கும் இலவசமாகப் போடுகிறார்கள் என்று அறிவிப்பு வந்தபோது, எங்கள் குடும்பத்தில் அதைப் பற்றித் தினமும் பேசியவள் அக்கா ஒருத்திதான். ஆசையால் அல்ல, பயத்தால்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மயிலாப்பூரில், சாந்தோம் பக்கம் ஒரு சந்தில், நாங்கள் வளர்ந்த அதே வாடகை வீட்டில் அப்பாவோடு இருக்கிறாள். பக்கத்திலேயே ஒரு பள்ளியில் எல்கேஜி டீச்சர். அதற்கு முந்தைய கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் பாதி போய்விட்டது. அக்கா பள்ளிக்குப் போகும் அரை நாள் மட்டும் எதிர் போர்ஷனில் இருக்கும் தையல்கார பாயின் மனைவி வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்வார். மீதி நேரமெல்லாம் அக்காதான்: திருப்பிப் படுக்க வைப்பது, ஊட்டுவது, துடைப்பது, டயப்பர் மாற்றுவது.

நான் அடையாறில் இருக்கிறேன். வண்டியில் போனால் இருபது நிமிடம். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பூசை முடிந்து ஒரு மணி நேரம் போய் அப்பாவின் கட்டிலுக்கு அருகே உட்கார்ந்து, காபி குடித்துவிட்டு வருவேன். அப்பாவைத் திருப்பவேண்டிய நேரம் வந்தால் தெருவில் வண்டியைச் சரியாக நிறுத்தினேனா என்று பார்க்க வெளியே போய்விடுவேன். அந்த வாசனை எனக்குக் குமட்டும். அதைவிட, என்னைச் சைக்கிளில் வைத்து மிதித்த உடம்பை அப்படிப் பார்க்க முடியவில்லை என்று நானே எனக்கு ஒரு காரணம் சொல்லி வைத்திருந்தேன். அக்கா ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. "நீ உக்காருடா, நான் பாத்துக்கறேன்" என்பாள்.

எனக்குத் தி.நகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கும் வேலை. கடையில் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொள்வேன். அந்தக் கோட்டினால் எங்கள் குடும்பத்தில் நான் பாதி டாக்டர். மாத்திரை பெயரிலிருந்து ரத்தப் பரிசோதனைச் சீட்டு வரைக்கும் அக்கா என்னிடம்தான் கேட்பாள். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

முதல் இரண்டு தடுப்பூசியின்போதும் அக்கா மிகவும் அவதிப்பட்டாள். ஊசி போட்ட அன்று ராத்திரியே குளிர் தூக்கிப் போட்டு, நூற்று மூன்று வரை காய்ச்சல். வாந்தி. மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. "ஒடம்ப யாரோ முறிச்சுப் போட்ட மாதிரி இருக்குடா" என்று போனில் அழுதாள். அப்போதெல்லாம் அப்பா நடமாடிக்கொண்டிருந்தார். அவர்தான் கஞ்சி வைத்து ஊட்டினார். அதே ஊசியைப் போட்ட எனக்குக் கை வலித்ததோடு சரி.

இப்போது அப்பாவைப் பார்க்கும் டாக்டர், சின்னப் பிள்ளைகளோடு இருப்பவர் நீங்கள், பூஸ்டரைத் தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்லிவிட்டார். அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"மூணு நாள் நான் படுத்துட்டா அப்பாவ யாருடா திருப்புவா?"

நான் விசாரித்தேன். கடைக்கு வரும் ஒரு நர்ஸிடம் கேட்டேன். முன்பு போட்டதையேதான் போடவேண்டும் என்று இருந்த விதி மாறிவிட்டது, வேறொரு வகை ஊசியையும் பூஸ்டராகப் போட்டுக்கொள்ளலாம், அதைப் போட்டவர்களுக்குக் காய்ச்சல் அவ்வளவாக வரவில்லை என்று அவர் தன் அனுபவத்தில் சொன்னார். எங்கள் கடைக்குப் பக்கத்து மையத்தில் அது இருந்தது. அக்காவிடம் நான்தான் ஒரு திட்டம் சொன்னேன்.

"நான் மொதல்ல அத போட்டுப் பாக்கறேன்க்கா. ஒண்ணும் ஆகலன்னா ஞாயித்துக்கெழம நீ தி.நகர் வந்து போட்டுக்கோ. அன்னிக்கு முழுக்க நான் அப்பாகூட இருக்கேன். திங்கக்கெழமயும் வேணும்னா லீவு போடறேன்."

"நெசமாவாடா?" என்றாள். அந்தக் குரலில் இருந்த நிம்மதி இப்போதும் காதில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை மதியம் போட்டுக்கொண்டேன். அரை மணி நேரம் உட்கார வைத்து அனுப்பினார்கள். ராத்திரி உடம்பு லேசாகச் சுட்டது. ஒரு பாராசிட்டமால் போட்டுத் தூங்கினேன். சனிக்கிழமை காலையில் கை வலி தவிர ஒன்றும் இல்லை. வழக்கம்போல் கடைக்குப் போனேன், வழக்கம்போல் சாப்பிட்டேன். மாலை ஆறு மணிக்கு அக்கா போன் செய்தாள். ஒண்ணும் இல்லக்கா, தைரியமா வா என்று சொல்லத்தான் போனை எடுத்தேன். அதற்குள் அவள் பேசிவிட்டாள்.

"நாளைக்கு எட்டு மணிக்கெல்லாம் வந்துடு. அப்பாவுக்கு ரெண்டு நாளா வயிறு சரியில்ல, அடிக்கடி மாத்த வேண்டியிருக்கும். நீ வந்ததும் ஒரு வாட்டி சொல்லித் தரேன், பயப்படாத. ஒனக்கு எப்டி இருக்கு?"

என் குரல் தானாகவே இறங்கியது. நான் யோசித்து முடிவெடுத்தேன் என்று சொல்லமாட்டேன். யோசிப்பதற்கு முன்பே தொண்டை அந்த வேலையைச் செய்துவிட்டது.

"நல்ல காய்ச்சல்க்கா."

"அய்யோ. எவ்ளோ?"

"நூத்தி ரெண்டு. ஒடம்ப முறிச்சுப் போட்ட மாதிரி இருக்கு."

அவள் முன்பு அழுதுகொண்டே சொன்ன அதே வார்த்தைகள். எனக்கு அந்த வலி எப்படியிருக்கும் என்று தெரியாது. அதனால் அவளுடையதையே எடுத்து அவளிடம் சொன்னேன்.

"இதுக்கு காய்ச்சலே வராதுன்னு சொன்னியேடா?"

"எனக்கு ஒத்துக்கல போல இருக்கு."

"சரி சரி, நீ படு. நாளைக்கு வராத. தண்ணி நெறைய குடி. நான் பாத்துக்கறேன்."

போனை வைத்தபோது என் மனைவி அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். ஒரு கரண்டியைத் துடைத்துக்கொண்டே, "பாவம் அவங்க" என்று மட்டும் சொன்னாள். நான் டிவியின் சத்தத்தைக் கூட்டினேன்.

அது பெசன்ட் நகர் மாதா கோயில் திருவிழா நாட்கள். ஞாயிற்றுக்கிழமை போகவேண்டும் என்று கல்லூரியில் முதல் வருடம் படிக்கும் என் மகள் முன்பே சொல்லி வைத்திருந்தாள். எனக்கு வேலை ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டதால் நானும் கிளம்பினேன். மனைவிதான் வாசலில் தயங்கினாள். "நீங்க வீட்லயே இருந்துடுங்களேன். தெரிஞ்சவங்க யாராவது பாத்துடப் போறாங்க." அந்தக் கூட்டத்தில் யார் பார்ப்பார்கள் என்றேன்.

கோயிலில், மாதாவுக்கு வேண்டிக்கொண்டு காவி கட்டியவர்களின் வரிசையைத் தாண்டி உள்ளே போய் மெழுகுவத்தி ஏற்றினேன். யாருக்காக என்று கேட்டால் வெட்கமாக இருக்கிறது. அப்பாவுக்காகத்தான். அவர் நன்றாக ஆகவேண்டும் என்று முழங்கால் போட்டுச் செபித்தேன். எழுந்தபோது மனம் லேசாகிவிட்டதுகூட உண்மை.

பிறகு கடற்கரை. மகள் மிளகாய் பஜ்ஜி வேண்டும் என்றாள். நானும் இரண்டு சாப்பிட்டேன். வாய் நிறைய பஜ்ஜியோடு நான் திரும்பியபோது மகள் போனில் படம் எடுத்துவிட்டாள். ஊசி போட்ட கையாலேயே பஜ்ஜியைத் தூக்கிப் பிடித்திருந்தேன். அவள் அதை அங்கேயே தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டாள். மேலே "பூஸ்டர் போட்ட சிங்கம்" என்று எழுதியிருந்தாள். எனக்குக் காண்பித்தபோது நானும் சிரித்தேன். அக்காவிடம் நான் என்ன சொல்லியிருந்தேன் என்பது மகளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனாலும் அந்த நிமிடம் எனக்கு அது உறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது உறைத்தது. மகளின் போனை வாங்கி, அந்தப் படத்தை யார் யார் பார்த்திருக்கிறார்கள் என்று தேடினேன். அவளுடைய தோழிகளின் பெயர்களுக்கு நடுவே 'அத்தை' என்று இருந்தது. பக்கத்தில் ஆறு நாற்பது என்று நேரம்.

என் போனை எடுத்தேன். அக்காவிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. ஏழு மணி பத்து நிமிடத்துக்கு. "மாத்திரை போட்டியா? வெளிய சாப்டாத. கஞ்சி குடி."

அதைப் பத்து தடவையாவது படித்திருப்பேன். கிண்டலா, கோபமா என்று பார்த்தேன். கிண்டல் எதுவும் இல்லை. அவள் எப்போதும் எழுதுவதுபோலவே எழுதியிருந்தாள். பதில் எழுதப் போனேன், அழித்தேன். மறுபடி எழுதினேன். கடைசியில் எதையும் அனுப்பாமல் போனைக் கவிழ்த்து வைத்தேன். காலையில் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

காலையில் பேசியது பாய்தான். ஏழு மணிகூட ஆகியிருக்காது.

"தம்பி, கோச்சுக்காதீங்க. அக்கா கூப்ட வாணாம்னுதான் சொல்லிக்கினு கீறாங்க. நான்தான் மனசு கேக்காம பண்றேன். அவங்களுக்கு நல்ல காய்ச்சல். பாத்ரூம்ல மயங்கி விழுந்துட்டாங்க. நெத்தியில அடி. அப்பாவுக்கும் ஒடம்பு அனலா கொதிக்குது. நம்ம வூட்டம்மா கூட இருக்காங்க, இருந்தாலும்…"

நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. வண்டியை எடுத்தது நினைவிருக்கிறது. அடையாறு பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்றபோது, பின்னால் இருந்தவன் ஹாரன் அடிக்க, நான் அவனைத் திரும்பிப் பார்த்து அநியாயத்துக்குக் கத்தினேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது பாயின் மனைவி அக்காவின் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தார். இடது புருவத்துக்கு மேல் வீங்கி நீலமாக இருந்தது. நைட்டியின் கையைத் தாண்டித் தெரிந்த மேல்கை சிவந்து தடித்திருந்தது. அவள் கண்ணைத் திறக்கவில்லை. அடுத்த கட்டிலில் பாய் உட்கார்ந்து, கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, அப்பாவுக்கு ஸ்பூனில் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து இடம் விட்டார். "வாங்க தம்பி. ஒங்களுக்கு இப்ப எப்டி கீது? நீங்களும் காய்ச்சல்ல படுத்துக்கினு இருக்கீங்கன்னு அக்கா சொன்னாங்க. தம்பியால எழுந்துக்கவே முடியல, கூப்டாதீங்கன்னு ராத்திரிகூட சொன்னாங்க."

ராத்திரி. அந்தப் படத்தைப் பார்த்த பிறகு. தன் தம்பி பஜ்ஜியோடு கடற்கரையில் நின்றதைப் பார்த்த பிறகும், அடுத்த வீட்டாரிடம் என் பொய்யை எனக்காகக் காப்பாற்றியிருக்கிறாள்.

"இப்ப பரவால்ல பாய்" என்றேன். அப்படிச் சொல்லி அந்தப் பொய்யை இன்னொரு தடவை சொன்னேன்.

நடந்ததை அவர் மனைவி சொன்னார். எழுந்து வர முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து ஊசி போடும் மாநகராட்சி நர்ஸ் ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவுக்காக வந்திருக்கிறார். அப்பாவுக்குப் போட்டதும், "எனக்கும் போட்டுடுங்கம்மா" என்று அக்கா கையை நீட்டியிருக்கிறாள். அந்த நர்ஸிடம் இருந்தது பழைய வகை. அவளை இரண்டு தடவையும் கீழே தள்ளிய அதே ஊசி.

கஞ்சியை வாங்கிக்கொண்டு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையை மெதுவாகத் தூக்கினார். அந்தக் கை நடுங்கி நடுங்கி வந்து என் நெற்றியில் படிந்தது. உள்ளங்கை கொதித்தது. "காச்ச…" என்றார். "ச்சல்… இல்ல." என் உடம்பு சுடவில்லை என்று கண்டுபிடித்த சந்தோஷம் அந்தப் பாதி முகத்தில் வந்தது.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. அதற்கு முன்பும் பின்பும் நான் அப்படிக் குன்றிப்போனதில்லை.

சற்று நேரத்தில் அப்பாவுக்கு மாற்றவேண்டி வந்தது. பாய் மனைவி எழுந்தார். "நீங்க இருங்க, நான் பண்றேன்" என்றேன். எனக்கு எதுவும் தெரியாது. பாய்தான் கூட நின்று, "இப்டி தோள்ல கைய குடுங்க, முட்டிய மடக்குங்க, இப்ப ஒங்க பக்கம் இழுங்க" என்று சொன்னார். எட்டு மாதமாக என் அக்கா செய்துவந்த வேலையை அடுத்த வீட்டுக்காரர் அவள் தம்பிக்குச் சொல்லித் தரவேண்டியிருந்தது. குமட்டியது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். வலியால் மூடினாரா, என்னைப் பார்க்கக் கூச்சப்பட்டா என்று தெரியவில்லை. முடித்துவிட்டுக் கை கழுவப் போன இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

கடைக்கு லீவு சொன்னேன். மாலையில் அக்காவுக்குக் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"வந்துட்டியா. அப்பா சாப்ட்டாரா?"

"சாப்ட்டார். மாத்திட்டேன்."

"நீயா?"

தலையாட்டினேன். அவள் தண்ணீர் கேட்டாள். கொடுத்துவிட்டு, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தேன். "அக்கா, சனிக்கெழம நான் சொன்னது…"

"பாப்பா போட்ட போட்டோ பாத்தேன்டா" என்றாள். கோபம் இல்லை. கோபப்படுவதற்கு அவள் உடம்பில் தெம்பு இல்லையோ என்னவோ. "பஜ்ஜி பெருசா இருந்துச்சு."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வர முடியாதுன்னு சொல்லியிருந்தா நான் ஒண்ணும் நெனச்சிருக்க மாட்டேன். அடுத்த வாரம் போட்டுக்கலாம்னு விட்டிருப்பேன். ஆனா நீ காய்ச்சல்னு சொன்ன. எப்பவும் ஒனக்கு ஒண்ணும் ஆகாது. ஒனக்கே அந்த ஊசி நூத்தி ரெண்டு கொண்டு வந்துச்சுன்னா எனக்கு எதப் போட்டாலும் ஒண்ணுதான்னு தோணிச்சு. எதுக்கு அதுக்குன்னு தி.நகர் வரைக்கும் போவணும்? அந்தம்மா வூட்டுக்கே வந்தாங்க. கைய நீட்டிட்டேன்."

இதை அவள் குற்றமாகச் சொல்லவில்லை. தன் முடிவுக்கு விளக்கம் சொல்வதுபோலத்தான் சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தப்பிக்கத்தான் பொய் சொன்னேன் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவள் எந்த ஊசியைப் போட்டுக்கொள்வது என்பதையே அந்தப் பொய் தீர்மானித்துவிட்டது என்று அப்போதுதான் புரிந்தது. வெள்ளைக் கோட்டுக்காரன் சொன்னான் என்று நம்பிவிட்டாள்.

"மன்னிச்சுடுக்கா" என்றேன்.

"சரி விடு. அந்த ஜன்னல சாத்து, குளுருது" என்றாள்.

மூன்று நாள் அங்கேயே இருந்தேன். அப்பாவுக்கு அடுத்த நாளே காய்ச்சல் விட்டது. அக்காவுக்கு மூன்றாம் நாள்தான் எழுந்து நடக்க முடிந்தது. கை வீக்கம் வடிய ஒரு வாரம் ஆனது. கிளம்பும் அன்று பாயின் வாசலில் போய் நின்றேன். அவர் மெஷினில் ஒரு பள்ளிச் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தார்.

"பாய், எனக்குக் காய்ச்சலே வரல. அக்காகிட்ட பொய் சொன்னேன்."

மெஷினை நிறுத்தினார். என்னை நிமிர்ந்து பார்த்தார். "தெரியும் தம்பி. ஒங்க அக்கா அந்த போட்டோவ பாக்கறப்ப நம்ம வூட்டம்மா பக்கத்துலதான் இருந்தாங்க" என்றார். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு மறுபடி தைக்க ஆரம்பித்தார். அன்று காலை எனக்கு எப்படியிருக்கிறது என்று அவர் கேட்டது, நான் உண்மையைச் சொல்வதற்கு ஒரு வாய்ப்பாக இருந்திருக்கலாம் என்று அப்போது தோன்றியது.

அதன் பிறகு புதன் மாலையும் ஞாயிறு முழுவதும் நான் அங்கே போகிறேன். இப்போது எனக்கு எல்லாம் தெரியும். புண் வராமல் திருப்பத் தெரியும், குளிப்பாட்டத் தெரியும். குமட்டலும் எப்போதோ போய்விட்டது. அக்கா அந்த நேரத்தில் தூங்குவாள், அல்லது சும்மா கடற்கரை வரை நடந்துவிட்டு வருவாள். அந்தப் பொய்யைப் பற்றி நாங்கள் மறுபடி பேசியதில்லை. என் மகளிடம் அவள் எப்போதும்போலத்தான் இருக்கிறாள். என்னிடமும் அப்படித்தான், ஒன்றைத் தவிர.

போன மழைக்காலத்துக்கு முன்பு அப்பாவுக்கு ஃப்ளூ ஊசி போடலாமா என்று ஒரு பேச்சு வந்தது. நான் கட்டிலில் உட்கார்ந்து அப்பாவுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். பாயின் மனைவி ஏதோ கொடுக்க உள்ளே வந்தார். அக்கா என்னைத் தாண்டி அவரைப் பார்த்து, "நீங்க ஒங்க மாமியாருக்குப் போட்டீங்களே, காய்ச்சல் எதாவது வந்துச்சாக்கா?" என்று கேட்டாள். அவர் சொல்லச் சொல்ல, எந்த இடத்தில், எந்த டாக்டர் என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டாள்.

கடையில் அதே வாரம் இரண்டு பேருக்கு நான் ஃப்ளூ ஊசியைப் பற்றி விளக்கமாகச் சொல்லியிருந்தேன். இங்கே வாயைத் திறக்கவில்லை. அப்பாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு, சதையில் படாமல், மெதுவாக வெட்டினேன்.